காதால் படிக்கும் நாவல்கள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கம் எங்கள் நிலத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். தழை வெட்டுவது, கட்டுவது, சுமந்து வந்து அடுக்குகளில் பரப்புவது என்று கைக்கு ஓயாத வேலை. காது மட்டும் சும்மா இருக்கும். ஆறு வருடமாக அந்தக் காதில் நாவலும் சிறுகதையும்தான் ஓடுகின்றன. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூட்டைக் கொட்டிவிட்டு ஏலத்துக்குக் காத்திருக்கும்போதும் ஒரு காதில் கதை இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் என்ன கேட்கிறீர்கள் என்பார்கள். சொன்னால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கதையைக் காதால் கேட்பது படித்த கணக்கில் வருமா?

வரும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

என் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆனால் ஒரு நாவலைக் கையில் எடுத்து முடித்ததில்லை. இப்போது கண்ணும் மங்கிவிட்டது. இந்த ஆறு வருடத்தில் என்னோடு சேர்ந்து அவர் கேட்டு முடித்த நாவல்கள் இருபதுக்கு மேல். பாத்திரங்களின் பெயர், யார் யாருக்கு என்ன உறவு, எந்த இடத்தில் யார் பொய் சொன்னார்கள் என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் நினைவிருக்கிறது. இதைப் படிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதுப் பழக்கமும் அல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். ஒருவர் பாட்டைப் பாட, இன்னொருவர் பொருள் சொல்ல, புத்தகத்தைத் தொட்டே பார்க்காத ஜனம் நாள் கணக்கில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டது. கடைசியில் துரியோதனன் படுகளம் நடக்கும்போது அழாமல் இருப்பவர்கள் குறைவு. கேட்ட கதை உள்ளே இறங்காமலா அந்த அழுகை வருகிறது?

யூடியூபில் கதை சொல்கிறார்களே, அதுவும் ஒலிநூலும் ஒன்றுதானே?

இல்லை. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டுதான் கேட்கத் தொடங்க வேண்டும்.

கதைசொல்லி ஒரு நாவலைப் படித்துவிட்டு, தன் வார்த்தையில், தனக்குப் பிடித்த இடத்தை நீட்டி, மற்றதைச் சுருக்கிச் சொல்கிறார். அது ஒரு தனிக் கலை, நானும் ரசித்துக் கேட்பேன். ஒலிநூலில் எழுத்தாளர் எழுதிய வாக்கியம் ஒன்றுவிடாமல் அப்படியே வர வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு பெரிய நாவலின் கதையைக் கேட்டவருக்கு என்ன நடந்தது என்பது தெரியும். எழுத்து எப்படி இருந்தது என்பது தெரியாது. சுருக்கத்தைக் கேட்டுவிட்டு “அந்த நாவல் சுமார்தான்” என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அந்த நாவலை இன்னும் சந்திக்கவே இல்லை.

கேட்கத் தொடங்கும் முன் மொத்த நேரத்தைப் பாருங்கள். முந்நூறு பக்க நாவல் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது என்றால் அது சுருக்கம்தான்.

நல்ல வாசிப்பாளர் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பலரும் முதலில் குரல் வளத்தைச் சொல்வார்கள். கணீரென்று இருக்க வேண்டும், இனிமையாக இருக்க வேண்டும் என்பார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். இப்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இவர் வாக்கியத்தின் கடைசியைப் படித்துவிட்டு அதன் முதல் சொல்லைத் தொடங்குகிறாரா?

நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. “மூன்று நாளாக வாசலிலேயே காத்திருந்து, நான்காம் நாள் காலையில் அவன் அனுப்பிய ஆள் வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததும் அவள் சிரித்தாள்” என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பவர் கடைசிச் சொல் தெரியாமல் உள்ளே போனால், காத்திருந்து, வெறுங்கையோடு என்ற சொற்களைப் பார்த்ததும் குரலைச் சோகமாக்கிக்கொள்வார். கடைசியில் “சிரித்தாள்” என்று வந்து நிற்கும். அழுகிற குரலில் சிரித்தாள் என்று கேட்டால் அந்தப் பெண் யார் என்பதே நமக்குப் புரியாமல் போய்விடும். முன்பே படித்தவர் “காத்திருந்து” என்பதையே வேறு மாதிரிச் சொல்வார். அந்தச் சிரிப்புக்கு ஒரு இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் வாக்கியத்துக்குள் நுழைவார்.

மூச்சும் இதே கணக்குதான். எச்சமாக அடுக்கிக்கொண்டு போகும் நீண்ட வாக்கியத்தில் எங்கே மூச்சு எடுக்கலாம் என்பது முடிவு தெரிந்தவருக்குத்தான் தெரியும். தெரியாதவர் ஒவ்வொரு காற்புள்ளியிலும் விழுந்து எழுந்து வருவார். கேட்கிற நமக்கும் மூச்சு வாங்கும்.

அதனால் ஒரு புது வாசிப்பாளரைப் பார்த்தால் முதல் பத்து நிமிடம் கதையை விட்டுவிட்டு வாக்கிய முடிவுகளை மட்டும் கவனிப்பேன். அதில் தேறினால் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தாலும் முழு நாவலுக்கும் அவரோடு போவேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரலை மாற்ற வேண்டுமா?

கொஞ்சம் மாற்றத்தான் வேண்டும். அதற்கும் நம் மொழிதான் காரணம்.

தமிழில் பேச்சு முதலில் வரும், “என்றான்”, “என்றாள்” பின்னால் வரும். கண்ணால் படிக்கும்போது கண் ஒரு எட்டு முன்னால் போய் யார் பேசியது என்று பார்த்துவிட்டு வந்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. “நாளைக்கே நான் கிளம்புறேன்” என்று ஒரு வரி வருகிறது. மருமகள்தான் சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, “என்று சொல்லிவிட்டு மாமியார் எழுந்தார்” என்று முடிகிறது. பின்னோக்கி ஓடி மனதுக்குள் காட்சியைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்குள் அடுத்த வரி போய்விடும்.

இதைத் தடுக்க வாசிப்பவர் பேச்சின் முதல் சொல்லிலேயே ஆளை அடையாளம் காட்ட வேண்டும். அதற்காக நடிக்க வேண்டும் என்பதில்லை. மாமியாருக்கு ஒரு வேகம், மருமகளுக்கு ஒரு வேகம் போதும். ஒருவர் சொல்லை அழுத்துவார், ஒருவர் சொல்லுக்கு முன் சற்றுத் தயங்குவார். குரலைக் கீச்சென்றும் கட்டையாகவும் மாற்றுகிறவர்கள் இரண்டு அத்தியாயத்துக்குள் களைத்துப் போகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் தாத்தாவின் குரல் பேரனுக்கு வந்துவிடுகிறது. நிதான வித்தியாசத்தைத் தேர்ந்தெடுத்தவர்களால் ஐம்பது அத்தியாயத்துக்கும் தாங்க முடிகிறது.

பெண் வாசிக்கும்போது ஆண் பாத்திரம் ஒட்டுமா?

ஒட்டும். ஒரு மணி நேரம் பொறுங்கள், பிறகு மனம் தானாகப் பழகிவிடும். ஆண் வாசிக்கும் பெண் பாத்திரத்துக்கும் அதேதான். ஒன்று மட்டும் பொறுக்க முடியாது: எந்த வயதுப் பெண் பேசினாலும் குழைந்து குழைந்து பேச வைப்பது. களத்துமேட்டில் நின்று கூலி பேசும் பெண் ஏன் கொஞ்ச வேண்டும்?

ழகரம் சரியாக வராதவரைக் கேட்கவே மாட்டீர்களா?

கேட்பேன். ல, ள, ழ மூன்றும் தெளிவாக வந்தால் மகிழ்ச்சி. எங்கள் பக்கத்திலேயே பலருக்கு ழகரம் புழங்குவதில்லை, அதற்காக அவர்கள் சொல்லும் கதை பழுதாகிவிடுமா என்ன. வலி/வழி, வாலை/வாழை என்று பொருள் மாறும் இடத்தில் மட்டும் கவனம் இருந்தால் போதும்.

நான் அதைவிடக் கவனிப்பது வேறு. நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி உண்டு. தமிழ்ச் சொல்லாக இருந்தால் இடத்தைப் பார்த்து ஒலி தானாக வந்துவிடும்: பக்கம் என்பதில் அழுத்தம், பங்கு என்பதில் மென்மை. வடமொழியிலிருந்தும் பிற மொழிகளிலிருந்தும் வந்த சொற்களுக்கு அந்த விதி உதவாது. “அவள் முகத்தில் பாவம் இல்லை” என்று எழுதியிருக்கிறது. முகத்தில் உணர்ச்சி தெரியவில்லை என்பது எழுத்தாளர் சொன்னது. வாசித்தவரோ பாவபுண்ணியத்துப் பாவமாகச் சொன்னார். வஞ்சம் பிடித்த ஒருத்தி அந்த ஒரு ஒலியில் அப்பாவியாகிவிட்டாள். நான் தழையைக் கீழே வைத்துவிட்டு மூன்று தடவை திருப்பிக் கேட்டேன்.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். அரூரை ஆரூர் என்று ஒருவர் வாசிக்க, கதையே தர்மபுரியிலிருந்து கிளம்பித் திருவாரூர்ப் பக்கம் போய்விட்டது. ஒகேனக்கல் என்பதில் ‘கே’யை அழுத்தி ‘ஒக்கேனக்கல்’ ஆக்குகிறார்கள். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை; புகையும் கல் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். அது தெரிந்தவருக்கு அந்த அழுத்தம் வராது. ஒரு ஊரைப் பற்றிய கதையை வாசிக்க உட்காரும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் போனில் பத்துப் பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டால் போதும். பத்து நிமிட வேலை.

வட்டார வழக்கு வரும் இடத்தை எப்படி வாசிக்க வேண்டும்?

தெரிந்தால் அந்த ஊர்க்காரராகவே வாசியுங்கள். தெரியாவிட்டால் எழுதியிருப்பதை நேராக வாசியுங்கள். நடுவில் ஒன்று இருக்கிறது, அதுதான் காதைக் குத்துகிறது: சினிமாவில் கேட்டுப் பழகிய ஒரு பொதுக் கிராமத்துக் குரல். அந்தக் குரலில் கோவில்பட்டிக்காரரும் கோபிக்காரரும் பென்னாகரத்துக்காரரும் ஒரே மாதிரி இழுத்து இழுத்துப் பேசுவார்கள். உரக்கவும் பேசுவார்கள், கிராமத்தில் யாருக்கும் காது கேட்காது என்பது போல.

எங்கள் பேச்சு அப்படி இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுச் சந்தையில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்கள் தமிழின் ஏற்ற இறக்கமே தனி. மொரப்பூர், அரூர் பக்கம் போனால் வேறு. ஒரே மாவட்டமாக இருந்து 2004இல் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று இரண்டானது. பேச்சு அதற்கு முன்பிருந்தே பலவாகத்தான் இருக்கிறது. இந்த நுணுக்கம் எல்லாருக்கும் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எழுத்தாளர் அந்த வழக்கைச் சொற்களிலேயே எழுதி வைத்திருக்கிறார் அல்லவா, அதை நம்பி நிதானமாக வாசித்தால் ஊர் தானே எழுந்து வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விவரிப்பு எழுத்து நடையில் இருந்தால் அதை எழுத்து நடையிலேயே வாசிக்க வேண்டும். “வந்துகொண்டிருந்தான்” என்று இருப்பதை “வந்துட்டு இருந்தான்” என்று ஆக்குகிறவர்கள் கேட்பவருக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். விவரிப்புக்கும் பேச்சுக்கும் நடுவே எழுத்தாளர் வைத்த இடைவெளி அதில் அழிந்துவிடுகிறது.

பின்னணி இசை இருந்தால் நன்றாக இருக்குமே?

அத்தியாயத்தின் தொடக்கத்தில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் இருக்கட்டும். வாசிக்கும்போது வேண்டாம்.

கூடு கட்டும் முன் வரும் கடைசிப் பருவமான ஐந்தாம் பருவத்தில் புழு தழை தின்னும் சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுவது போலிருக்கும். ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் மெல்லும் சத்தம் அது. அந்தச் சத்தத்தின் நடுவே நல்ல குரல் ஒன்று கதை சொன்னால் ஒன்றோடொன்று மோதவே மோதாது. தூறலுக்கு மனம் பழகி, குரலை மட்டும் பிடித்துக்கொள்ளும். இசை அப்படி விடாது. அது எனக்கு என்ன தோன்ற வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒருத்தி கதவைத் திறக்கப் போகிறாள் என்றால் உள்ளே யார் என்று நான் பயப்படுவதற்கு முன் வயலின் பயந்துவிடுகிறது. கதவு கிறீச்சிடும் சத்தம், குதிரைக் குளம்புச் சத்தம், இடிச் சத்தம் எல்லாம் அதே வகைதான். எழுத்தாளர் அவற்றைச் சொல்லால் எழுதியிருக்கிறார், அது போதும்.

பலர் சேர்ந்து நடித்து வாசிப்பது பிடிக்குமா?

நாடகமாக எழுதியதை நாடகமாகக் கேட்கப் பிடிக்கும். வானொலி நாடகம் கேட்டு வளர்ந்தவள் நான். நாவலைப் பலர் வாசிக்கும்போது விவரிப்பவர் ஒரு நாளும், நடிப்பவர்கள் வேறு ஒரு நாளும் பதிவு செய்தது போலச் சில சமயம் கேட்கிறது. ஒருவர் கோபமாகக் கேட்ட கேள்விக்கு எதிரில் இருப்பவர் கோபத்தைக் கேட்காதவர் போலப் பதில் சொல்கிறார். ஒரே வாசிப்பாளர் என்றால் இரண்டு பேரும் ஒரே நெஞ்சிலிருந்து பேசுகிறார்கள். எனக்கு அதுதான் வேண்டும்.

எந்த வேகத்தில் கேட்கிறீர்கள்?

சாதாரண வேகத்தில். ஒன்றரை மடங்கில் கேட்டு வாரம் இரண்டு நாவல் முடிக்கிறேன் என்கிறார்கள். தகவல் புத்தகத்துக்குச் சரி. கதைக்கு வேண்டாம் என்பேன். வந்தான், வந்தாள், வந்தார் மூன்றுக்கும் வித்தியாசம் கடைசி ஒற்றில்தான் இருக்கிறது. வேகத்தைக் கூட்டினால் முதலில் தேய்வது அந்த ஒற்றுதான். யார் வந்தது என்று தெரியாமலே கதை ஓடும்.

சிலர் இயல்பிலேயே மிக மெதுவாக வாசிப்பார்கள். அவர்களுக்கு மட்டும் ஒரு படி கூட்டிக்கொள்வேன்.

கணினிக் குரலே இப்போது நன்றாக இருக்கிறதே, ஆள் எதற்கு?

முன்பைவிட நிறைய முன்னேறியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். செய்தி, கட்டுரை எல்லாம் நானும் அதில் கேட்கிறேன். மதுரைத் திட்டம் 1998இலிருந்து பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்துவருகிறது. யாரும் குரல் கொடுக்காத நூல்கள் அதில் எத்தனையோ. அவற்றைக் கணினிக் குரலாவது வாசிக்கிறதே என்று நன்றியோடு கேட்கலாம்.

கதைக்கு வரும்போது ஒரு குறை தெரிகிறது. நான் சோதித்த கணினிக் குரல்களுக்கு வாக்கியத்தின் முடிவு தெரிந்திருந்தது, அத்தியாயத்தின் முடிவு தெரியவில்லை. முதல் பக்கத்தில் ஒரு கிழவர் “சரி” என்கிறார். சம்மதமா, வெறுப்பா, தோல்வியா என்பது நூறு பக்கம் தாண்டித்தான் தெரியவரும். முழு நாவலையும் படித்துவிட்டு வந்த மனிதர் அந்தச் “சரி”யில் ஒரு துளியை ஒளித்து வைப்பார். கதை முடிந்த பிறகு அது நமக்கு ஞாபகம் வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர் எதில் தொடங்கலாம்?

கல்கியின் பொன்னியின் செல்வனில் தொடங்கச் சொல்வேன். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். வாரம் ஒரு முறை வாசகரை இழுத்துப் பிடிக்க எழுதியது என்பதால் அத்தியாயங்கள் அளவாக இருக்கும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி இருக்கும். காலை தழைக்கு ஒன்றிரண்டு, மாலை தழைக்கு ஒன்றிரண்டு என்று கேட்க அருமையான அளவு.

இதைச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் பலர் இதை வாசித்து வெளியிட்டிருக்கிறார்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் மூன்று நான்கு பேர் குரலில் கேளுங்கள். ஆசிரியர் நம்மை நேரடியாகக் கூப்பிட்டுப் பேசித்தான் தொடங்குகிறார். அப்புறம்தான் ஆடிப்பெருக்கு நாளில் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். சிலர் அந்த அழைப்பையே அரசவை அறிவிப்பு போல முழங்குவார்கள். ஒருவர் பக்கத்துத் திண்ணையிலிருந்து கூப்பிடுவது போல வாசித்திருந்தார். ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் கூடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஏரிக்கரை உடனே தெரிந்த இடமாகிவிட்டது. அந்த ஒரே அத்தியாயத்தில் உங்களுக்கு எந்த மாதிரிக் குரல் ஒத்துவருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

சரித்திரக் கதை பிடிக்காதவர்கள் சிறுகதையில் தொடங்கலாம். அரை மணிக்குள் முடியும், பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை.

காதுக்கு ஒத்துவராத கதைகள் உண்டா?

உண்டு. காலம் முன்னும் பின்னும் தாவும் நாவல்கள், அடிக்குறிப்பு நிறைந்தவை, கடிதமும் நாட்குறிப்புமாக மாறி மாறி வருபவை. அவற்றைக் கையில் வைத்துப் படிப்பதே நல்லது. புழு தோலுரிக்கத் தூங்கும்போது தழை போட வேண்டியதில்லை. நான்கு தோலுரிப்பில் முதல் இரண்டு, முட்டையைப் பொரிக்க வைத்துப் புழுவை வளர்த்துக் கொடுக்கும் இளம்புழு மையத்திலேயே முடிந்துவிடும், மற்ற இரண்டும் எங்கள் புழு வளர்ப்பு மனையில் நடக்கும். அந்த ஓய்வு நாட்களில்தான் நான் அச்சுப் புத்தகம் எடுக்கிறேன். ஐந்தாம் பருவம் வந்துவிட்டால் அந்த ஒரு வாரம் இரவும் பகலும் தழைதான். அதற்கென்று நீளமான, நேர்கோட்டில் போகும் நாவல் ஒன்றைத் தரவிறக்கி வைத்துக்கொள்வேன். மனைக்குள் சிக்னல் நிற்காது.

பணம் கொடுத்து வாங்கலாமா?

நல்ல வாசிப்புக்குக் கொடுக்கலாம். ஒரு மணி நேரப் பதிவுக்குப் பின்னால் பல மணி நேர வேலை இருக்கிறது: முன்பே படிப்பது, வாசிப்பது, தப்பியதைத் திரும்ப வாசிப்பது, வெட்டி ஒட்டுவது. அதற்கு உரிய பணம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த நாவல் வரும்.

வாங்கும் முன் மாதிரியைக் கட்டாயம் கேளுங்கள். ஒரு முறை நான் வாங்கிய நாவலில் இருபத்தோராம் அத்தியாயத்துக்குப் பிறகு மறுபடியும் இருபதாம் அத்தியாயமே வந்தது, இருபத்திரண்டைக் காணவில்லை. எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. நூலகத்தில் புத்தகத்தைத் தேடிப் பிடித்து அந்த அத்தியாயத்தை அம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டினேன். தொடர்கதை போல அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் செயலிகளில் மொத்தம் எத்தனை அத்தியாயம் என்று முதலிலேயே பார்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவாகத் தெரிவது முடிவில் புத்தக விலையைப் பல மடங்கு தாண்டிவிடலாம்.

பார்வையற்றவர்களுக்கு இது எவ்வளவு உதவும்?

ஒலிநூல் பரவியதே அவர்களால்தான். 1930களில் அமெரிக்காவில் பார்வையற்றவர்களுக்காகப் பேசும் நூல்களை இசைத்தட்டில் பதிவு செய்து நூலகம் வழியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பயணத்திலும் வேலையிலும் கேட்கிற என்னைப் போன்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

இங்கேயும் சட்டம் துணை இருக்கிறது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்காக ஒரு நூலை அவர்கள் அணுகும் வடிவில் மாற்றிக் கொடுக்க 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் கொடுத்தார்கள். இதற்காகவே 2013இல் மரகேஷ் ஒப்பந்தம் என்று ஒன்று உலக அளவில் வந்தது. 2014இல் அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. உங்கள் பக்கத்தில் பார்வையற்ற மாணவர் இருந்தால், அவருக்கு வேண்டிய நூலை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கத் தயங்காதீர்கள்.

நானே ஒரு நாவலை வாசித்து வெளியிடலாமா?

யாருடைய நாவல் என்பதைப் பொறுத்தது. நாட்டுடைமை ஆன எழுத்து என்றால் தாராளமாக. மற்றபடி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்த பின் 60 வருடம் வரை உரிமை இருக்கும். 1964இல் இறந்தவர் என்றால் 2024 முடிவோடு உரிமை முடிந்தது. அதற்குள் இருப்பதை வெளியிட எழுத்தாளரிடமோ வாரிசிடமோ அனுமதி வாங்க வேண்டும். இன்னொருவர் வாசித்த பதிவை எடுத்துப் போடக் கூடாது. நாவல் எல்லாருக்கும் பொதுவானதாகிவிட்டாலும் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

எப்படி வாசிப்பது என்று கேட்டால் என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். போன வருடம் கூடு அறுத்து முடித்து, மனையைக் கழுவி, மருந்தடித்து, அடுத்த இளம்புழுவுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு பழைய சிறுகதையைப் பதிவு செய்தேன். மனை காலியாக இருந்ததால் எதிரொலித்தது, பழைய சாக்குகளைச் சுவரில் தொங்கவிட்டேன். சரியானது. முதல் பதிவை அம்மாவிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, “நீ படிக்கிற மாதிரி இருக்கு” என்றார். இரண்டாவது முறை உணர்ச்சியைக் கூட்டினேன். “இப்ப நீ அழுவற மாதிரி இருக்கு” என்றார்.

அப்புறம் இரண்டு நாள் எதையும் பதிவு செய்யவில்லை. கதையை வாக்கியம் வாக்கியமாகப் பென்சிலோடு படித்தேன். எந்தச் சொல்லில் முடிகிறது, யார் பேசுகிறார், எங்கே மூச்சு என்று குறித்துக்கொண்டேன். மூன்றாவது முறை வாசித்தேன். அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டார். நடுவில் போன் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்து, “அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துச்சா இல்லையா?” என்று கேட்டார். சார்ஜரைத் தேடிக்கொண்டு வந்தேன்.